ஒரு 'அ' உள்ளே போகிறது, இரண்டாக வெளியே வருகிறது

வணக்கம். கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒளியில் ஏறி வரும் படத்தை இரண்டு ஆடிகளுக்கு நடுவே சில நானோநொடி தாமதிக்க வைப்பதுதான் புராஜெக்ட். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

லேசர் ஹீலியம்-நியான், 632.8 நானோமீட்டர். குழியாடிகள் இரண்டு: வளைவு ஆரம் 10 செ.மீ., எதிரொளிப்பு 98%. இடைவெளியும் அதே 10 செ.மீ. கணக்குப்படி ஒத்ததிர்வில் (இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு பொருந்தி நிற்கும்போது) சுமார் 33 நானோநொடி தாமதம் வர வேண்டும். படம், அலுமினியத் தாளில் பிளேடால் வெட்டிய 'அ'.

கேமராவில் 'அ'வும் அதன் தலைகீழ் உருவமும் ஒன்றின்மேல் ஒன்றாக, நண்டு மாதிரி விழுகின்றன. ஒரு ஆடியை நுண்ணளவில் நகர்த்தும் பீசோவின் வோல்டேஜை மெதுவாக ஏற்றினால் இருட்டு. அப்புறம் மறுபடி அதே நண்டு, இந்த முறை நட்டநடுவில் மட்டும் கறுப்பு.

ஆடிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். இடைவெளியை 0.1 மி.மீ. கூட்டிக் குறைத்தேன், எழுத்து மங்கியதுதான் மிச்சம். லேசரை அரை மணி நேரம் சூடாக்கிய பிறகே அளக்கிறேன். அதிர்வுக்காக சைக்கிள் டியூப் மேல் கிரானைட் பலகை (எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?), பெங்களூர் ரோட்டு லாரிகளுக்குப் பயந்து இரவு 11 மணிக்கு மேல்தான் வேலை. ஆடிகள் இரண்டையும் எடுத்துவிட்டால் 'அ' ஒற்றையாகத் தெளிவாக வருகிறது. ஆக, படத்தைக் கேமராவில் விழவைக்கும் லென்ஸில் கோளாறு இல்லை.

வேறு ஆடி வாங்கக் காசில்லை. இதே ஆடிகளில் ஒற்றை 'அ' கிடைக்க, படத்தை அச்சிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டுமா, அல்லது இடைவெளியையே மாற்ற வேண்டுமா?