பழைய ஃபைபர் படகு: யார் செய்தது, எந்த வருடம் என்று கண்டுபிடிக்க முடியுமா? (அவசரம்)

புதுத்துடுப்பு:
வணக்கம். செகண்ட்ஹேண்டில் ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன். பழசுதான், ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறது. யார் செய்தது, எந்த வருடம் செய்தது, எதுவும் தெரியவில்லை. விற்றவரும் அதைக் கைமாறி வாங்கியவர்தான், காகிதம் ஒன்றும் இல்லை என்கிறார். பின்னால் ஏதோ நம்பர் மாதிரி இருக்கிறது. பதிவு செய்யப் போன இடத்தில் தயாரிப்பாளர் பெயரும் வருடமும் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் உடனே உதவுங்கள்.

மணல்திட்டு:
எத்தனை அடி? அவுட்போர்டா (பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்), உள்ளே இன்ஜினா, பாய்மரமா? திறந்த படகா, கேபின் உண்டா? ஒரு படமாவது போடுங்கள். "பழைய ஃபைபர் படகு" என்றால் உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறது.

கடற்காகம்:
அந்த "ஏதோ நம்பர்" என்ன நம்பர்? எங்கே இருக்கிறது? எத்தனை எழுத்து? மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

டீசல்வாசம்:
இன்ஜினில் ஒரு தகடு இருக்கும், அதில் சீரியல் நம்பர் இருக்கும். அதை வைத்து இன்ஜின் வருடத்தைப் பிடித்துவிடலாம். படகும் அதே வருடமாகத்தான் இருக்கும். நான் என் படகின் வயதை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

கடற்காகம்:
டீசல்வாசம், உள்ளே பொருத்திய இன்ஜினுக்கு அது ஓரளவு சரி. அவுட்போர்டுக்குச் சரிவராது. ஒரு ஹல்லின், அதாவது படகு உடம்பின், ஆயுளில் நான்கு அவுட்போர்டு மாறியிருக்கும். பின்பலகையில் (படகின் பின்பக்கச் சுவர்) அடைத்த போல்ட் ஓட்டைகளை எண்ணிப் பார்த்தாலே எத்தனை மாறியது என்று தெரிந்துவிடும்.

பழைய_நங்கூரம்:
இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் நான்தான் முழுசாக எழுத வேண்டியிருக்கிறது. தம்பி, கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் வேண்டும். சரி, இன்னொரு முறை சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் செய்த படகு, அல்லது அங்கே விற்பதற்காகச் செய்த படகு என்றால், 1972 நவம்பர் 1 முதல் ஹல் அடையாள எண் கட்டாயம். மொத்தம் 12 எழுத்து. முதல் மூன்றும் தயாரிப்பாளரின் கோடு. அடுத்த ஐந்தும் அந்த ஹல்லின் சீரியல். கடைசி நான்கும் தேதி. அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, பார்த்து நின்றால் வலது பக்கம், பின்பலகையின் வெளிப்புறத்தில், மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் இருக்கும். டெக்கும் ஹல்லும் சேரும் இடம் அதைவிடக் கீழே இருந்தால் அங்கிருந்து கணக்கு. ஐரோப்பாவில் 1998 ஜூனில் கட்டாயமானது. அங்கே முன்னால் இரண்டு எழுத்தில் நாட்டுக் கோடு சேர்ந்து 14 ஆகும். 1972க்கு முந்திய படகில் இந்த எண்ணைத் தேடிப் பயனில்லை.

உங்களிடம் இருப்பது இதுவா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள்.

புதுத்துடுப்பு:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். அளந்து பார்த்தேன், 17 அடிக்குக் கொஞ்சம் குறைவு. திறந்த படகு, அவுட்போர்டு. படம் மூன்று சேர்த்திருக்கிறேன். நங்கூரம் அண்ணா சொன்ன அதே இடத்தில்தான் நம்பர் இருக்கிறது. ஆனால் மேலே மூன்று நான்கு கை பெயிண்ட் ஏறியிருக்கிறது. விரலால் தடவினால் பள்ளம் தெரிகிறது, கண்ணால் படிக்க முடியவில்லை. இப்போதே சாண்ட்பேப்பர் எடுத்துச் சுரண்டிவிடட்டுமா?

ரெசின்கை:
சுரண்டாதீர்கள்! தயவுசெய்து கையை எடுங்கள்.

அந்தக் காலத்தில் பல இடங்களில் எழுத்து புடைத்து நிற்கிற பிளாஸ்டிக் டேப்பை மோல்டின் (ஹல்லை வார்க்கும் அச்சு) உள்பக்கம் ஒட்டிவிட்டு அதன் மேல் ஜெல்கோட் (ஹல்லின் வெளிப்பூச்சு) அடிப்பார்கள். ஹல்லை மோல்டிலிருந்து கழற்றும்போது எழுத்து ஜெல்கோட்டிலேயே பள்ளமாகப் பதிந்து வரும். அந்தப் பள்ளத்தின் ஆழம் நகக்கண் அளவுதான். எண்பதாம் நம்பர் பேப்பரை நான்கு இழுப்பு இழுத்தால் பெயிண்டோடு சேர்த்து எண்ணும் போய்விடும். பெயிண்ட் உரிக்கிற ரசாயனமும் வேண்டாம். பாலியெஸ்டர் ஜெல்கோட்டை அது இளக்கிவிடும்.

முதலில் இருட்டும் வரை காத்திருங்கள். டார்ச்சைப் பின்பலகையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். வெளிச்சம் நேராக விழாமல் உரசிக்கொண்டு போக வேண்டும். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மெல்லிய தாளை மேலே வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். காசை வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி. ஒரே தாளை நம்பாதீர்கள், மூன்று முறை எடுங்கள். ஒன்றில் விட்டது இன்னொன்றில் விழும்.

அலைவரி:
இன்னொன்று. படித்த பிறகு முழு எண்ணையும் பொதுவில் போடாதீர்கள். திருட்டுப் படகுக்கு வேறொரு படகின் எண்ணைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மூன்று எழுத்தை மறைத்துவிட்டு மீதியைப் போடுங்கள், உதவி செய்ய அது போதும்.

எண் படிக்க வராவிட்டால் ஹல்லின் தடிமனைப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் விளிம்பு தெரியும். தொடக்க காலத்தில் ஃபைபரை எவ்வளவு நம்பலாம் என்று தெரியாமல் தாராளமாக அடுக்கினார்கள். கார்ல் ஆல்பெர்க் வரைந்த 28 அடி பியர்சன் ட்ரைட்டன் பாய்மரப் படகு 1959ல் வந்தது, அந்த ஹல்கள் இன்றும் கடலில் இருக்கின்றன. 1973 எண்ணெய் நெருக்கடியில் ரெசின் (ஃபைபர் இழையை ஒட்டவைக்கும் பிசின்) விலை ஏறிய பிறகுதான் ஹல் மெலிந்தது. தடித்திருந்தால் 73க்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ரெசின்கை:
அலைவரி, ட்ரைட்டன் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 28 அடி பாய்மரத்தின் கணக்கை 17 அடித் திறந்த படகுக்குப் போட முடியாது. தடிமன் வருடத்தைச் சொல்லாது, அந்தப் பட்டறையின் பழக்கத்தைத்தான் சொல்லும். துண்டு இழையை ரெசினோடு சேர்த்துத் துப்பாக்கியால் அடித்த ஹல், அடித்தவன் கை நின்ற இடத்தில் தடிக்கும், நகர்ந்த இடத்தில் மெலியும். ஒரே ஹல்லில் இரண்டு தடிமன் பார்த்திருக்கிறேன். ரெசின் அதிகமாகி இழை குறைந்தால் தடித்துத்தான் இருக்கும், ஆனால் நொறுங்கும்.

அலைவரி:
பட்டறைப் பழக்கமும் காலத்தோடு மாறியதுதானே? விலை ஏறினால் எல்லோரும்தான் குறைப்பார்கள். தடிமனே எதையும் சொல்லாது என்று ஒதுக்கிவிடுவது சரியில்லை.

ரெசின்கை:
ஒதுக்கவில்லை. சாட்சிகளில் அதைக் கடைசியாக வையுங்கள் என்கிறேன்.

மணல்திட்டு:
படத்தைப் பார்த்தேன். அணியத்தின் வளைவும் அடியில் நீளவாக்கில் ஓடும் வரம்புகளும் பெயர் பெற்ற ஒரு ஹல்லை அப்படியே ஒத்திருக்கின்றன. ஆனால் இதை வைத்து அந்தக் கம்பெனியுடையது என்று எழுதிவிடாதீர்கள். நகலாக இருக்கலாம். ஒரு படகை வாங்கிக் கவிழ்த்து, மெழுகு பூசி, அதன் மேலேயே மோல்டு எடுத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் அடுத்தவன் வருடக்கணக்கில் வரைந்து திருத்திய வடிவம் இவன் கையில்.

பழைய_நங்கூரம்:
அது சட்டவிரோதம். அப்படிச் செய்தவர்கள் மேல் வழக்கே நடந்திருக்கிறது.

மணல்திட்டு:
வழக்கு நடந்தது, ஆனால் தீர்ப்பு நகல் எடுத்தவர் பக்கம் போனது. போனிட்டோ போட்ஸ், தண்டர் கிராஃப்ட் என்ற இரண்டு படகுக் கம்பெனிகளின் வழக்கு. நேரடியாக மோல்டு எடுப்பதைத் தடுக்க ஃபுளோரிடா 1983ல் ஒரு சட்டம் போட்டது. காப்புரிமை இல்லாத வடிவத்துக்கு ஒரு மாநிலம் இப்படிப் பாதுகாப்புக் கொடுக்க முடியாது என்று 1989ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 1998ல்தான் ஹல் வடிவத்துக்கென்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது, அதுவும் பதிவு செய்தால்தான்.

பழைய_நங்கூரம்:
சட்டம் விட்டாலும் செய்தது திருட்டுதான். வரைந்தவன் வயிறு எரியாதா?

மணல்திட்டு:
எரியும் அண்ணா, அதில் எனக்கும் உங்களோடு ஒரே கருத்துதான். நான் சொல்ல வந்தது வேறு. மோல்டு நேர்மையாகவும் கை மாறும். ஒரு கம்பெனி மூடும்போது மோல்டை இன்னொருவர் வாங்கி, வேறு பெயர் வைத்து அதே ஹல்லை அடிப்பார். ஒரே வடிவத்துக்கு நான்கு தகப்பன் இருக்கலாம். வடிவம் யார் வரைந்தது என்பது ஒரு கேள்வி, இந்த ஹல்லை யார் அடித்தது என்பது வேறு கேள்வி. பதிவுக்காரர் கேட்பது இரண்டாவதை. அதற்கு எண் ஒன்றுதான் பதில் சொல்லும்.

டீசல்வாசம்:
நகல் அடித்தவனும் ஒழுங்காக எண் போட்டிருப்பானா என்ன?

மணல்திட்டு:
விற்க வேண்டுமென்றால் போட்டாக வேண்டும். அவன் போடுவது அவனுடைய கோடு.

புதுத்துடுப்பு:
ரெசின்கை அண்ணா, நீங்கள் சொன்ன டார்ச் வேலை செய்தது! தாளிலும் விழுந்தது. மொத்தம் 12 எழுத்து. முதல் மூன்றை மறைத்துவிட்டேன். அப்புறம் "ஓஓ341". கடைசி நான்கு "எம்78இ" (ஆங்கிலத்தில் M78E). அந்த "ஓஓ" என்றால் என்ன?

கடற்காகம்:
அது ஓ இல்லை, பூஜ்யம். சீரியலில் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்தும் வரக்கூடாது, எண்ணோடு குழம்பும் என்பதற்காக. ஆக உங்கள் சீரியல் 00341.

பழைய_நங்கூரம்:
இ என்றால் ஐந்தாவது எழுத்து. 1978 மே மாதம். வேலை முடிந்தது, எழுதிக் கொடுங்கள்.

கடற்காகம்:
அண்ணா, மே இல்லை. ஏ என்றால் ஜனவரி என்ற கணக்கு 1984 ஆகஸ்டு முதல் வந்த முறைக்கு. அதில் ஒன்பதாவது இடத்தில் மாத எழுத்து நிற்கும், ஏயிலிருந்து எல் வரைதான். இங்கே ஒன்பதாவது இடத்தில் எம் நிற்கிறது. 84க்கு முன்னால் தயாரிப்பாளர்கள் தேர்ந்துகொள்ளக்கூடிய மாடல் வருட முறை இது. எம்முக்குப் பின்னால் மாடல் வருடம், அப்புறம் மாதம். மாடல் வருடம் ஆகஸ்டில் தொடங்கும், அதனால் ஏ என்றால் ஆகஸ்டு. பி செப்டம்பர், சி அக்டோபர், டி நவம்பர், இ டிசம்பர். மாடல் வருடம் 1978, ஹல் 1977 டிசம்பருடையது.

பழைய_நங்கூரம்:
சரிதான். புது முறையைப் பழைய எண்ணுக்குப் போட்டுவிட்டேன். தம்பி, மே என்று எழுதிக் கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ரெசின்கை:
அலைவரி, 77 டிசம்பர் என்றால் எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தியது. புதுத்துடுப்பு, அந்த ஓட்டையில் தடிமன் எவ்வளவு என்று முடிந்தால் அளந்து போடுங்கள்.

அலைவரி:
ஆமாம், எனக்கும் தெரிய வேண்டும்.

கடற்காகம்:
புதுத்துடுப்பு, இனிச் செய்ய வேண்டியது: அமெரிக்கக் கடலோரக் காவல்படை தயாரிப்பாளர் கோடுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது, மூன்று எழுத்தையும் போட்டுத் தேடலாம். முதலில் வருகிற பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூடிய கம்பெனியின் கோட்டைப் பின்னால் வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்கள். 1977ல் அந்தக் கோடு யாரிடம் இருந்தது என்று தேதியைப் பாருங்கள்.

ரெசின்கை:
உள்ளேயும் பாருங்கள். ஒளித்து வைக்கிற இரண்டாவது எண் 84 ஆகஸ்டுக்குப் பிறகுதான் கட்டாயம், உங்கள் படகில் அது இருக்காது. ஆனால் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எந்தப் பலகை எந்த ஹல்லுக்கு என்று பென்சிலால் குறித்துவைப்பார்கள். இருக்கைப் பலகையின் அடி, பெட்டிகளின் உள்பக்கம், பெயிண்ட் படாத வெறும் ஃபைபர், அங்கெல்லாம் டார்ச் அடியுங்கள். வெளியே இருக்கிற எண்ணோடு அது பொருந்தினால் மனசுக்கு நிம்மதி. பொருந்தாவிட்டால், அல்லது பின்பலகை எண்ணைச் சுற்றி ஒட்டுப்போட்ட தடம் இருந்தால், திருட்டுப் படகா என்று முதலில் விசாரியுங்கள்.

மணல்திட்டு:
மூன்றாவது படத்தில் சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ரிவெட் ஓட்டைகள் தெரிகின்றன. எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லும் தகடு அங்கே இருந்திருக்கும். 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்கு அதுவும் 1972 நவம்பரிலிருந்து கட்டாயம். இப்போது மாட்டியிருக்கும் அவுட்போர்டு அந்த அளவுக்குள் வருகிறதா என்று தெரியாமல் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள்.

புதுத்துடுப்பு:
கிடைத்துவிட்டது. கோடு இரண்டு கம்பெனிகளிடம் இருந்திருக்கிறது, 77ல் இருந்தது முதல் கம்பெனி. முன் இருக்கைப் பலகையைக் கழற்றித் திருப்பினேன், அடியில் பென்சிலில் 341 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது. எழுத்து இன்னும் மங்கவில்லை. தாளையும் படத்தையும் எடுத்துக்கொண்டு பதிவுக்குக் கிளம்புகிறேன். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

ரெசின்கை:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்தப் பலகை உளுத்துப்போனால் மாற்றுங்கள், ஆனால் 341 இருக்கிற துண்டை மட்டும் அறுத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது பின்பலகை எண் மேல் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள்.

அலைவரி:
தடிமன் எவ்வளவு?

மணல்திட்டு:
எந்தக் கம்பெனி என்றும் சொல்லவில்லையே. படத்தில் இருக்கிற அதே வரம்புகளோடு என்னிடம் ஒரு ஹல் இருக்கிறது, அதில் எண் இருந்த மூலையே உடைந்துபோயிருக்கிறது. புதுத்துடுப்பு, திரும்ப வந்தால் அந்த மூன்று எழுத்தை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.