மண்சுவரின் தலையில் ஓடு: இரண்டு அங்குலமா, நான்கு அங்குலமா?

செம்மண்மேடு:
தோட்டத்து மண்சுவரின் மேல் வேயும் ஓடு, சுவரை விட்டு 2 அங்குலத்துக்கு மேல் வெளியே நீளக் கூடாது என்று நண்பர் ஓட்டுக்கூரை நேற்று எழுதிய தீர்ப்பைப் படித்தேன். ஐப்பசி அடைமழையில் ஒரு மண்சுவரின் அருகே அரைமணி நேரம் நின்று பார்த்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். 2 அங்குலம் மட்டும் நீண்ட ஓட்டிலிருந்து சொட்டும் நீர், சிறு காற்று அடித்தாலும் சுவரின் முகத்திலேயே வழிந்து, மண்ணைக் கரைத்துக் கோடு கோடாக அரித்துவிடும். குறைந்தது 4 அங்குலம் வேண்டும்.

ஓட்டுக்கூரை:
மழையில் நிற்காதவன் என்று என்னைச் சொன்னதற்கு நன்றி. எங்கள் தாத்தா எழுப்பிய சுவர் நாட்டு ஓட்டுடன் இன்றும் நிற்கிறது. அதன் ஓடு 2 அங்குலம்தான் நீண்டிருக்கிறது. அதற்கு மேல் நீட்டினால் குரங்கு நடந்தாலே ஓடு புரண்டு விழும் என்பது எங்கள் ஊரில் சிறுவருக்கும் தெரியும்.

கரிசல்காடு:
ஒரு சிறு ஐயம். நீங்கள் இருவரும் எங்கிருந்து அளக்கிறீர்கள்? வெறும் மண்முகத்திலிருந்தா, சுண்ணாம்புப் பூச்சின் வெளிப்புறத்திலிருந்தா? பூச்சே முக்கால் அங்குலம் வந்துவிடுமே.

செம்மண்மேடு:
தாத்தாவின் சுவர் நிற்பதற்குக் காரணம் 2 அங்குலம் அன்று. ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் பாட்டி அதை மெழுகியதுதான். கணக்கையும் பார்ப்போம். ஒன்றரை அடிக் கனமுள்ள சுவரில் முகட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 9 அங்குலம். மங்களூர் ஓட்டின் நீளம் ஏறக்குறைய 16 அங்குலம். அதை 30 பாகைச் சாய்வில் வைத்தால் கிடைமட்டத்தில் ஏறக்குறைய 14 அங்குலம் வரும். முகட்டுக்காக ஓர் அங்குலம் கழித்தாலும் 4 அங்குலம் தானாகவே வெளியே நிற்கும். ஆக, உங்கள் 2 அங்குலத்துக்காக ஒவ்வோர் ஓட்டையும் வெட்டியாக வேண்டும். வெட்டப் போகிறீர்களா?

ஓட்டுக்கூரை:
நான் நாட்டு ஓட்டைப் பற்றிப் பேசினேன். நீங்கள் மங்களூர் ஓட்டுக்குத் தாவிவிட்டீர்கள். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறித்தவச் சபையார் 1860களில் மங்களூரில் ஆலை வைத்துச் சுட்ட ஓட்டுக்கும் எங்கள் ஊர்க் குயவர் சுட்ட ஓட்டுக்கும் நீளம் ஒன்றா? 2 அங்குலம் என்றால் 2 அங்குலம்தான்.

மேலவீதி:
ஓடு எதற்கு என்பதே என் கேள்வி. ஜப்பானில் கியோத்தோவின் ரியோவான்ஜி கோயில் கல்தோட்டத்து மண்சுவரின் மேலிருந்த ஓட்டை 1970களின் பிற்பகுதியில் அகற்றிவிட்டு மரச்சில்லுகளால் வேய்ந்தார்கள். ஓடு அவ்வளவு சிறந்ததென்றால் ஏன் எடுத்தார்கள்?

செம்மண்மேடு:
ஓடு சுவரைக் கெடுத்தது என்பதற்காக எடுக்கவில்லை. பழைய தோற்றத்தை மீட்கவே மாற்றினார்கள். அந்தப் புதிய கூரையும் சுவரை விட்டு நன்றாக வெளியே நீண்டிருப்பதைப் படத்திலேயே காணலாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும் மண்சுவருக்கு நல்ல தொப்பியும் (மேற்கூரை) நல்ல செருப்பும் (அடித்தளம்) வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். தலையை விட்டு 2 அங்குலம் நீண்டதைத் தொப்பி என்று எவரும் சொல்ல மாட்டார்.

மேலவீதி:
நான் ஓட்டைப் பற்றிக் கேட்டால் நீங்கள் மறுபடியும் அங்குலத்துக்கே வருகிறீர்கள். சென்ற ஆண்டு கரையான் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

எல்லைக்கல்:
நான்கு அங்குலம் என்று பெருமையாகப் பேசுகிறவர்கள், அந்த நீர் பக்கத்து நிலத்தில் சொட்டுவதை நினைத்தார்களா? ஒருவர் நிலத்தின் மேல் அடுத்த நிலத்தாருக்கு உள்ள உரிமைகளைச் சொல்லும் 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (Easements Act) நினைவிருக்கட்டும். சுவரை எல்லைக்கோட்டிலேயே எழுப்பிவிட்டு கூரை விளிம்பில் சொட்டும் இறவாண நீரைப் பிறர் மண்ணில் விடுகிறவரோடு எனக்கே நான்காண்டு வழக்கு நடக்கிறது.

ஓட்டுக்கூரை:
கேளுங்கள், இதைத்தான் சொன்னேன். 2 அங்குலம் என்றால் வழக்கே இல்லை.

செம்மண்மேடு:
2 அங்குலத்திலும் நீர் சொட்டும். சொட்டுக்குச் சட்டம் தெரியாது. சுவரை அரையடி உள்ளே தள்ளி எழுப்புங்கள். ஓட்டைச் சிமென்டில் பதிக்காமல் மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ பதியுங்கள். சிமென்டு ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்து, அடியிலுள்ள மண்ணை இளக்கிவிடும்.

ஓட்டுக்கூரை:
மண்சாந்தில் பதித்த நாலங்குல ஓட்டை எங்கள் ஊர்க் குரங்குக்குக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

கரிசல்காடு:
பூச்சிலிருந்து அளக்கிறீர்களா, மண்ணிலிருந்தா என்று கேட்டிருந்தேன்.

செம்மண்மேடு:
குரங்கை விடுங்கள். வரும் ஐப்பசியில் தாத்தா சுவரை மெழுகாமல் விட்டுவிட்டு, கார்த்திகையில் படம் எடுத்துப் போடுங்கள்.