ரூ.18,500.50 என்று எழுதினால் 185 ரூபாயாகப் பதிவாகிறது: தொகையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி (காவேரிப்பட்டணம்)

வணக்கம். எங்கள் ஊர் மாங்கூழ் ஆலை ஒன்றின் இணையப் படிவத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சீசனில் மண்டிக்காரர்கள் டன்னுக்கு என்ன விலை என்று செல்போனிலேயே போட்டு அனுப்புவார்கள். பெட்டியில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்: 18500, 18,500.5, ரூ.18,500.50, ₹ 18500/-.

பழைய பிஎச்பி கோடு (இணையதள நிரல்) கமாவை எடுத்துவிட்டு, புள்ளி இருக்கும் இடத்தில் எக்ஸ்ப்ளோட் செய்து (துண்டுகளாக உடைத்து), முதல் துண்டை ரூபாய், அடுத்ததைப் பைசா என்று வைத்துக்கொள்கிறது. 'ரூ.' என்பதிலேயே ஒரு புள்ளி இருக்கிறதே! முதல் துண்டு 'ரூ', அதன் மதிப்பு பூஜ்யம். 18500 பைசாவாகிவிடுகிறது. தோட்டக்காரருக்குப் போகும் பணம் இந்த எண்ணை வைத்துத்தான், அதனால் இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. மண்டிக்காரர்களிடம் "இப்படித்தான் எழுதணும்" என்று சொல்லவும் மனமில்லை. பில் புத்தகத்தில் காலங்காலமாக எழுதும் முறை அது. உறுதியான வழி என்ன?

பதில் (ஓசூர்)

இன்புட் டைப்பை (பெட்டியின் வகையை) 'நம்பர்' என்று மாற்றிவிடுங்கள், முடிந்தது.

கேட்டவர்

சோதித்துப் பார்த்தேன் அண்ணா. எண்ணாக ஏற்க முடியாததை ஒட்டினால் சில உலாவிகளில் மதிப்பு வெற்றாகத்தான் கிடைக்கிறது. அவர் என்ன எழுத நினைத்தார் என்பதே தெரியாமல் போகிறது.

பதில் (தருமபுரி)

தம்பி, பெட்டி 'டெக்ஸ்ட்' ஆகவே இருக்கட்டும். இன்புட்மோடை 'டெசிமல்' என்று வைத்தால் போனில் எண் விசைப்பலகை வரும், அது போதும். வந்த எழுத்தை அட்டவணையில் ஒரு பத்தியில் அப்படியே சேமியுங்கள். பிரித்த எண் பக்கத்துப் பத்திக்குப் போகட்டும்.

பிரிக்கும்போது புள்ளியைத் தேடாதீர்கள், முதல் இலக்கத்தைத் தேடுங்கள். அங்கிருந்து இலக்கமும் கமாவும், அப்புறம் இருந்தால் ஒரு புள்ளி, அதன் பின் ஒன்றோ இரண்டோ இலக்கம். இதற்கு ஒரு ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் வாய்ப்பாடு) போதும். முன்னும் பின்னும் மிச்சமிருப்பது ரூ, ரூ., ₹, /- இவற்றில் ஒன்றாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். வேறு எதுவாக இருந்தாலும் திருப்பிக் கேளுங்கள். தெரியாத எழுத்தைச் சத்தமில்லாமல் தூக்கி எறிவதுதான் ஆபத்து. 'டன்னுக்கு 18500, 2 லோடு' என்று ஒருவர் எழுதி, இலக்கங்களை மட்டும் பொறுக்கினால் 185002 ஆகிவிடும்.

பைசாவை வலப்பக்கம் பூஜ்யம் சேர்த்து இரண்டு இலக்கமாக்குங்கள். 18,500.5 என்றால் 50 பைசா. உங்கள் பழைய கோடு அதை 5 பைசா என்றுதான் எடுத்திருக்கும். மொத்தத்தையும் பைசாவில் முழு எண்ணாகவே வையுங்கள். ஃப்ளோட்டில் (கணினி தோராயமாக வைக்கும் தசம எண்) 19.99ஐ நூறால் பெருக்கி இன்ட் (முழு எண்) ஆக்கினால் 1998தான் வரும்.

கேட்டவர்

மிக்க நன்றி அண்ணா. அதே படிவத்தில் ஏற்றுமதி விசாரணைகளும் வருகின்றன. ஜெர்மனியிலிருந்து ஒருவர் 1.250,50 என்று எழுதியிருக்கிறார். நாணயத்தை வைத்து முறையைக் கண்டுபிடிக்கலாமா?

பதில் (தருமபுரி)

நாணயத்தைத் தனித் தேர்வுப் பெட்டியில் கேட்டே ஆக வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. யூரோவை ஜெர்மனியில் 1.250,50 என்றும் அயர்லாந்தில் 1,250.50 என்றும் எழுதுவார்கள். கமாவும் புள்ளியும் இரண்டும் இருந்தால் கடைசியில் வருவதுதான் தசமக் குறி. வெறும் 1.250 என்று வந்தால்தான் சிக்கல். ஜெர்மனிக்காரருக்கு அது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. குவைத் தினாருக்கு மூன்று தசம இடம் என்பதால், அங்கே அதே எண் ஒரு தினாரும் 250 ஃபில்ஸும் (அவர்களின் சில்லறை) ஆகும். இதை எந்தக் கோடாலும் ஊகிக்க முடியாது. அனுப்பும் முன் பெட்டிக்குக் கீழே தொகையை எழுத்தால் காட்டி, 'சரி' அழுத்தச் சொல்லுங்கள். மண்டிக்காரருக்கும் 'பதினெட்டாயிரத்து ஐநூறு ரூபாய் ஐம்பது பைசா' என்று தமிழிலேயே காட்டுங்கள், தவறு இருந்தால் அவரே பிடித்துவிடுவார்.

கேட்டவர்

செய்கிறேன் அண்ணா. படிவம் வந்ததும் ஆலைக்குப் போகும் மின்னஞ்சலில் அவர்கள் எழுதியது அப்படியே இருக்கிறது. இந்த சீசன் பதிவுகளை முதலில் அதிலிருந்து எடுத்துப் புது முறையில் ஓட்டி, வித்தியாசம் வரும் வரிகளைக் கணக்கரிடம் கொடுக்கிறேன்.