மோட்டர் ஓடினால் தராசு எடை கணினிக்குக் குழம்பி வருகிறது

பரந்தனில் உள்ள எங்கள் நெல் மில்லில், தராசின் எடை பில் போடும் கணினிக்குச் சரியாக வருவதில்லை. மோட்டர் நிற்கும்போது 68.50 என்று ஒழுங்காக வரும். உமி நீக்கும் மெஷினைப் போட்டதும் 6?.#0 மாதிரிக் குப்பை. தராசின் திரையில் மட்டும் எடை எப்போதும் சரி.

தை மாதம் அலுவலக அறையை ஏ9 வீதிப் பக்கம் மாற்றியதிலிருந்து இந்தத் தொல்லை. முன்பு 2 மீட்டர் வயர்; இப்போது ஏறத்தாழ 35 மீட்டர், த்ரீ பேஸ் வயரை ஒட்டியே போகிறது. வேறு வழியில் இழுக்க இடமில்லை.

தராசிலிருந்து எடை வருவது ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பில்: 9 பின், வேகம் 9600 பாட், 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை. கணினியில் யுஎஸ்பி கன்வெர்ட்டர், விண்டோஸ் 10.

வேகத்தை இரு பக்கமும் 2400 ஆக்கினோம். குப்பை குறைந்தது, போகவில்லை. கன்வெர்ட்டரை மாற்றியும், ஷீல்ட் வயர் போட்டு ஒரு முனையை எர்த் செய்தும் அதே கதை. லப்டொப்பைத் தராசடியில் வைத்து 2 மீட்டர் வயரில் பார்த்தால், மோட்டர் ஓடினாலும் பிசகே இல்லை. கடைக்காரரோ "புதுத் தராசு வாங்குங்கோ" என்கிறார். நல்ல வியாபாரம்!

ஆர்எஸ்-232க்கு 15 மீட்டரே அதிகம் என்பது தெரியும். இரு முனையிலும் ஆர்எஸ்-485 (தூரம் போகும் சீரியல் முறை) கன்வெர்ட்டர் போடுவதா, தராசடியில் சீரியலை நெட்வொர்க்குக்கு மாற்றும் சீரியல்-ஈதர்நெட் பெட்டி வைத்து லேன் வயர் இழுப்பதா, இந்த மோட்டரின் மின் இரைச்சலுக்கு எது தாங்கும்?