வேலூரில் வைரத்தோடு வாங்க ஆலோசனை தேவை

வணக்கம். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம், ஏழு கல் வைரத்தோடு போடுவதாகப் பேச்சு. லாங் பஜார் பக்கம் பார்த்த ஒரு ஜோடி அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. சர்டிபிகேட் கேட்டால், "எங்க கடைச் சீட்டே போதும் சார், திரும்பக் கொண்டு வந்தா நாங்களே எடுத்துக்குவோம்" என்கிறார்கள். ஹால்மார்க்கைக் காட்டுகிறார்கள். அது தங்கத்துக்கு, கல்லுக்கு என்ன சம்பந்தம்?

வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் ஆய்வகங்களான ஜிஐஏ அல்லது ஐஜிஐ தரும் அறிக்கை இருந்தால்தான் எனக்கு மனசு ஒப்பும். கேரட் (கல்லின் எடை), நிறம், தெளிவு எல்லாம் விற்பவர் அல்லாத ஒருவர் பார்த்து எழுதியது. அறிக்கை எண்ணைப் போட்டு இணையத்திலேயே சரிபார்க்கலாம். முக்கியமாக, மண்ணில் எடுத்த கல்லா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பது தெரிந்துவிடும். கடையில் வைத்திருக்கும் சாதாரண டெஸ்டர் இரண்டுக்கும் வைரம் என்றுதான் கத்தும்.

நாங்கள் பார்த்த தோட்டில் ஒரு கல் பத்து சென்ட்கூட (0.10 கேரட்) வராது. இவ்வளவு சின்னக் கல்லுக்குத் தனித்தனி அறிக்கை வாங்குகிறீர்களா, மொத்த நகைக்கு ஒன்றா? அப்புறம், சர்டிபிகேட் கல்லை உதிரியாக வாங்கி ஆசாரியிடம் கொடுத்துப் பதித்தவர்கள் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் இருக்கிறீர்களா? கல் மாறாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? கடைப் பெயர் பொதுவில் வேண்டாம், இன்பாக்ஸில் சொல்லுங்கள்.