வெள்ளை என்று வாங்கினேன், இளஞ்சிவப்பாகப் பூத்தது: அனெமோனி வளர்த்த அனுபவங்கள்

லெஸ்டரிலிருந்து:

எங்கள் வீட்டின் வடக்குச் சுவரோரம் வெயில் அதிகம் படாத ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கே எதை வைத்தாலும் ஆகஸ்டோடு ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகும் பூக்கிற செடி வேண்டும் என்று தேடித்தான் ஜப்பான் அனெமோனிக்கு வந்து சேர்ந்தேன். கோடை முடியும்போது தொடங்கி அக்டோபர் வரை பூக்கும். இடுப்பு உயரத்துக்கு மெல்லிய தண்டுகள். லேசான காற்றுக்கே மொத்தச் செடியும் அசையும். கிரேக்கத்தில் அனெமோஸ் என்றால் காற்று என்பதைப் பின்னாளில்தான் படித்தேன்.

நான் கேட்டு வாங்கியது 'ஒனோரீன் ஜோபேர்' என்ற வெள்ளை வகை. அந்தப் பெயருக்காகவே அதன்மேல் ஆசை. 1858-இல் பிரான்சின் வெர்டன் நகரில், ஜோபேர் என்பவரின் தோட்டத்தில் இருந்த இளஞ்சிவப்புச் செடியில் ஒரு பகுதி மட்டும் வெள்ளையாகப் பூத்தது. அதைப் பிரித்து வளர்த்து, அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை வைத்தார்கள். இன்றைக்கு எந்த ஊரில் யார் வீட்டில் ஒனோரீன் இருந்தாலும், அது அந்த வெர்டன் செடியின் வேரிலிருந்து பிரிந்து பிரிந்து வந்த துண்டுதான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

முதல் வருடம் வெறும் இலை. இடம் மாற்றி நட்டால் இந்தச் செடி ஒரு வருடம் அப்படித்தான் முறுக்கிக்கொண்டு நிற்கும், பயப்பட வேண்டாம். இரண்டாம் வருடம் மொட்டு வந்தது, இளஞ்சிவப்பு. ஒனோரீனின் மொட்டிலும் வெளிப்புறம் கொஞ்சம் சிவப்பு படர்ந்திருக்கும் என்பதால் பொறுத்திருந்தேன். விரிந்தபோதும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. நல்ல அடர்த்தியான நிறம், ஒன்றன்மேல் ஒன்றாக நிறைய இதழ்கள். வாங்கிய இடத்தில் பெயர்ச் சீட்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அன்று மாலை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் இது என்னவாக இருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். 'கோனிகின் ஷார்லோட்டே'யா? 'பிரின்ஸ் ஹைன்ரிஷ்'ஷா? 'செப்டம்பர் சார்ம்' என்றால் இதழ் ஒற்றை அடுக்காக இருக்கும், அதனால் அது இல்லை. படம் படமாகப் பார்த்து, ஷார்லோட்டே என்று நானே முடிவு செய்து, சீட்டும் எழுதி, தோழி ஒருத்திக்கு ஒரு துண்டும் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மா இருக்கிறார், நாற்பது வருடமாகத் தோட்டம் போடுகிறவர். அவர் வந்து பார்த்துவிட்டு இதழ்களை எண்ணச் சொன்னார். பின்புற நிறத்தைப் பார்க்கச் சொன்னார். உயரத்தை அளக்கச் சொன்னார். (நாம் இதழ் என்று சொல்வது உண்மையில் நிறம் ஏறிய புல்லி இதழ். அனெமோனிக்கு அல்லி இதழே கிடையாது.) எல்லாம் பார்த்த பிறகும் எந்த வகை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. "தெரியாவிட்டால் பெயர் எழுதாதே" என்றார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இப்போது புரிகிறது. நான் ஊகித்து எழுதிய பெயர், துண்டு போகிற தோட்டத்துக்கெல்லாம் கூடவே போகும். தோழியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். இப்போது இரண்டு வீட்டிலும் சீட்டில் 'இளஞ்சிவப்பு, லெஸ்டர் வடக்குச் சுவர்' என்றுதான் இருக்கிறது.

ஜப்பான் என்ற பெயரே சரியில்லாத பெயர்தான். இது சீனாவின் செடி. ஜப்பானில் வெகு காலமாக வளர்த்து வந்ததால், துன்பெர்க் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் அங்கே பார்த்து, 1784-இல் ஜப்பான் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். 1840-களில் செடி தேடிப் போன ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஷாங்காயில் இதைக் கல்லறைகளின்மேல் பூத்துக் கிடக்கக் கண்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்.

ஒரு எச்சரிக்கை: வேரில் சிறு துண்டு மண்ணில் தங்கினாலும் முளைத்துவிடும். நடும் இடத்தை யோசித்து நடுங்கள். சாறு பட்டால் தோல் எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

டொரொன்டோவிலிருந்து:

அக்கா, நான் வளர்ப்பது கிழங்கு வகை, கொரோனேரியா. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. எங்கள் ஊர் குளிரில் கிழங்கு வெளியே தாங்காது. அதனால் குளிர்கால முடிவில் வீட்டுக்குள் முளைக்க வைத்து, பிறகு வாளிகளில் நடுகிறேன். கிழங்கைப் பார்த்தால் காய்ந்த சுக்குத் துண்டு போல இருக்கும். சில மணி நேரம் தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும். எது மேல் எது கீழ் என்று தெரியாவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், அது தானாக வழி கண்டுபிடித்துக்கொள்ளும். முதல் முறை இரவு முழுவதும் ஊற விட்டு, அடுத்த நாளும் மறந்து, பாதிக் கிழங்கு அழுகிப் போனது.

பெயர்களில் எங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம். ஒற்றை அடுக்கு டி கான் வகையில் நீலமானது 'மிஸ்டர் ஃபோக்கர்', வெள்ளையானது 'த பிரைட்', அதாவது மணப்பெண். அடுக்கு இதழ் உள்ள செயின்ட் பிரிஜிட் வகையில் சிவப்பு 'த கவர்னர்', நீலம் 'லார்ட் லெப்டினன்ட்'. அம்மம்மா காலையில் எழும்பினதும் "கவர்னருக்குத் தண்ணி விட்டாச்சா?" என்றுதான் கேட்பார். கலப்புப் பொதி வாங்கினால் இந்தப் பெயர் ஒன்றும் கிடைக்காது, நிறம் மட்டும்தான் கிடைக்கும். அதனால் இப்போது தனித்தனியாகவே வாங்குகிறேன்.

ஊட்டியிலிருந்து:

இங்கே யாரும் நடாமலே ஒரு அனெமோனி இருக்கிறது. புல்வெளிச் சரிவில், ஓடையோரம் ஈரமான இடத்தில் பார்த்தேன். வெள்ளைப் பூ. குனிந்து திருப்பினால் பின்புறம் மங்கலான நீலம். என்ன செடி என்று தெரியாமல் பல வருடம் அதைத் தாண்டி நடந்திருக்கிறேன். அனெமோனி ரிவுலாரிஸ் என்று தாவரவியல் படித்த நண்பர் சொன்னார். ரிவுலாரிஸ் என்றால் ஓடையைச் சேர்ந்தது. இமயமலையிலும் இலங்கையின் மலைகளிலும்கூட இது உண்டு. முன்பு நம் மலைச் செடியைத் தனி இனம் என்று எண்ணி, மதராஸில் வேலை பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரால் வைட்டியானா என்று அழைத்திருக்கிறார்கள். ஓடைப் பெயர்தான் அதற்குப் பொருத்தம் என்பது என் எண்ணம். பறிக்கவில்லை. பார்த்துவிட்டு வந்தேன்.

லெஸ்டரிலிருந்து:

ஊட்டித் தம்பி, பின்புறம் நீலம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இங்கே 'வைல்ட் ஸ்வான்' என்று ஒன்று, 2011-இல் லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியில் அந்த ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்வானது. வெள்ளைப் பூ, பின்னால் ஊதா கலந்த நீலப் பட்டை. அதை வாங்கத்தான் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை ஓடைப் பக்கம் போனால் பூவின் முன்புறம், பின்புறம், இலை மூன்றையும் தனித்தனியாகப் படம் எடுத்துப் போடுங்கள். எந்த மாதம் பூக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.