மாயவரம் – அறந்தாங்கி ரயில் பாதை யாருக்குச் சொந்தமாக இருந்தது?

திருநெல்லிக்காவல் வாசி:
என் தாத்தா கடைசிவரை எங்கள் ஊர் வழியாகச் சென்ற ரயிலை ‘ஜில்லா போர்டு ரயில்’ என்றே சொல்லிவந்தார். ஜில்லா போர்டு என்பது அக்காலத்தில் மாவட்ட அளவில் இயங்கிய உள்ளாட்சி அமைப்பு. தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஓட்டிய வண்டிக்கு ஜில்லா போர்டு எப்படி உரிமை கொண்டாட முடியும் என்பதை அவரிடம் கேட்காமலே இருந்துவிட்டேன். மயிலாடுதுறையிலிருந்து (அன்றைய மாயவரம்) திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகச் சென்ற அந்த மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட) பாதையின் வரலாற்றையும் அதன் பழைய நிலையங்களைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காவிரிக்கரை:
தங்கள் தாத்தா சொன்னது சரிதான். வண்டியை ஓட்டியது கம்பெனி. பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டின் சொத்து. நிலத்தீர்வையோடு சேர்த்து வசூலித்த ஒரு சிறு மேல்வரியைக் கொண்டு போர்டு இதை அமைத்தது. மாயவரம் முதல் முத்துப்பேட்டை வரையிலான 54 மைல் 1894 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1903 முடிவில் பாதை அறந்தாங்கியை எட்டியது. லண்டனில் பங்கு விற்றுத் திரட்டிய பணத்தில் எத்தனையோ பாதைகள் எழுந்த காலத்தில், நெல் விளைவித்தவர்கள் கட்டிய வரியிலிருந்து ஒரு ரயில் பாதை எழுந்தது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லித்தர வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பின்னர் கோயம்புத்தூர் ஜில்லா போர்டும் இதே முறையில் போத்தனூர் – பொள்ளாச்சி பாதையை அமைத்தது. அது 1915இல் திறக்கப்பட்டது.

பேராவூரணி பழையவர்:
என் தந்தை இந்தப் பாதையில் ஒரு சிறிய நிலையத்தில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். ஒற்றைப் பாதை என்பதால், அடுத்த நிலையம் வரை செல்ல அனுமதி தரும் உருண்டையான டோக்கன் கையில் வராமல் எந்த ஓட்டுநரும் அடுத்த நிலையத்தை நோக்கி வண்டியை எடுக்க முடியாது. இரும்புப் பெட்டியிலிருந்து வெளிவரும் அந்த உருண்டையைத் தோல்பையில் இட்டு, பை கோத்த பிரம்பு வளையத்தை நடைமேடை ஓரத்தில் நின்று உயர்த்திப் பிடிப்பார்கள். நிற்காமல் செல்லும் கம்பன் எக்ஸ்பிரஸ் வரும்போது எஞ்சினிலிருந்து நீளும் கை அதற்குள் நுழைந்து வாரிக்கொண்டு போகும். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணியோசையும், தேதி குத்தும் இயந்திரத்தில் தடித்த அட்டை டிக்கெட் நுழையும் ‘டக்’ என்ற ஒலியும் இன்னும் என் காதில் இருக்கின்றன.

அகலப்பாதை:
ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். போர்டு ரயில் வருவதற்கு முன்பே திருவாரூர் ரயிலைக் கண்டுவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் வந்த பாதை அவ்வழியே சென்றது. முதலில் அகலப்பாதையாக இருந்த அதை 1870களில் மீட்டர் கேஜாக மாற்றினார்கள், நம் காலத்தில் மீண்டும் அகலமாக்கினார்கள். போர்டு பாதையிலோ மாற்றம் துண்டுதுண்டாகவே நடந்தது: மயிலாடுதுறை – திருவாரூர் 2012இல், காரைக்குடி – பட்டுக்கோட்டை 2018இல், இடையில் எஞ்சிய திருவாரூர் – பட்டுக்கோட்டை 2019இல். அதற்குள் முத்துப்பேட்டையிலும் அதிராம்பட்டினத்திலும் ரயிலையே பார்க்காமல் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றுவந்தார்கள்.

திருநெல்லிக்காவல் வாசி:
மூவருக்கும் என் நன்றி. தாத்தா வைத்திருந்த தீர்வை ரசீதுகள் பரணில் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. அந்த மேல்வரி எந்தப் பெயரில் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்த வாரமே எடுத்துப் பார்த்துவிட்டு இங்கு எழுதுகிறேன்.